உலோக மடிக்கணினிக்கு வீட்டிலேயே மறுவண்ணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மடிக்கணினிகளை வாங்கிப் பழுது பார்த்துப் பயன்படுத்துவது என் நெடுநாள் பழக்கம். இதுவரை ஆறு உலோக மூடிகளுக்கு மொட்டைமாடியில் வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறேன். அவற்றில் இரண்டை முழுவதும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. இந்தப் பக்கத்தில் இருப்பதில் பாதி அந்த இரண்டும் கற்றுக்கொடுத்தவை.

உள்ளே எல்லாம் நன்றாக ஓடும்போது வெளித்தோற்றத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும் என்பேன். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் உலோகம் காற்றோடும் வியர்வையோடும் நேரடியாக உறவாடத் தொடங்கிவிடுகிறது. மெக்னீசியக் கலவையில் இது வேகமாக நடக்கும். கடலோர ஊர்களில் இன்னும் வேகம். பெயர்ந்த விளிம்பைச் சுற்றி வெள்ளைத் தூள் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அரிப்பு. அதைத் தவிர, பார்க்க நன்றாக இருக்கும் பொருளை யாரும் தூக்கி எறிவதில்லை. எட்டு வயதான கணினி இன்னும் நான்கு ஆண்டு உழைக்க அதுவும் ஒரு காரணமாகிறது.

என் கணினி எந்த உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி இது. மூன்று சாத்தியங்கள்: அலுமினியம், மெக்னீசியக் கலவை, அபூர்வமாக டைட்டானியம். உலோகம்போலத் தோன்றும் பிளாஸ்டிக்கும் உண்டு என்பதால் முதலில் அதை விலக்கிவிடுங்கள்.

மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். பல சமயம் பொருளின் குறியீடு அச்சாகியிருக்கும். பி.சி., ஏ.பி.எஸ். என்றிருந்தால் பிளாஸ்டிக். ஏ.இசட்.91டி என்றிருந்தால் மெக்னீசியம். சுமார் 9 சதவீதம் அலுமினியமும் 1 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்த வார்ப்புக் கலவை அது. குறியீடு இல்லாவிட்டால் எடையைக் கவனியுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசியம் 1.74 கிராம், அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். பார்த்தால் உலோகம், தூக்கினால் பிளாஸ்டிக் எடை என்றால் பெரும்பாலும் மெக்னீசியம்தான். காந்தம் இங்கே உதவாது, மூன்றில் எதிலும் ஒட்டாது.

உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது. உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஊசியால் கீறி உலோகத்தை வெளிப்படுத்துங்கள். குச்சி முனையால் ஒரு சொட்டு வினிகர் வையுங்கள். மெக்னீசியம் என்றால் உடனே நுரைத்துக் குமிழ் விடும். அலுமினியம் அசையாமல் இருக்கும். பார்த்தவுடன் ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

அலுமினியம்தான். மேலே இருக்கும் சாம்பல் நிறத்தை எப்படி உரிப்பது?

உரிக்காதீர்கள். பெரும்பாலான அலுமினிய மடிக்கணினிகளில் இருப்பது பெயின்டே அல்ல, அனோடைசிங். மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடாக மாற்றி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி மூடியிருக்கிறார்கள். எந்தப் பெயின்ட் ரிமூவரும் அதை அசைக்காது. அசைக்கக்கூடியது காஸ்டிக் சோடா. ஆனால் அது ஆக்சைடைத் தின்றதோடு நிற்காமல் அடியிலுள்ள அலுமினியத்தையும் தின்னும், கூடவே தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூளைப் போட்டு ஊறவைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அனோடைஸ் ஆன பரப்பு பெயின்ட்டுக்கு அருமையான அடித்தளம். 400 எண் உப்புத்தாளால் (எண் கூடக்கூடத் தாள் நுண்மையாகும்) லேசாகத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் போக்கினால் போதும். ஆழமான கீறலும் நசுங்கலும் இருக்கும் இடத்தில் மட்டும் உலோகம் வரை போங்கள்.

உலோகத்துக்குப் பெயின்ட் அடித்தால் பெயர்ந்துதானே போகும்? நிறுவனங்களே அடித்தும் நிற்கவில்லையே?

நியாயமான சந்தேகம். இதற்குப் பேர்போன உதாரணம் 2001 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட டைட்டானியம் பவர்புக் ஜி4. ஓர் அங்குலத் தடிமன், 15.2 அங்குலத் திரை. அந்தக் காலத்துக்கு வியப்பூட்டும் மெலிவு. ஆனால் கை படும் விளிம்புகளில் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அதன் உரிமையாளர்கள் பலர் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்தே வைத்திருந்தார்கள். 2003-இல் அந்த வரிசை அனோடைஸ் செய்த அலுமினியத்துக்கு மாறியது.

டைட்டானியம், அலுமினியம், மெக்னீசியம் மூன்றும் காற்றுப்பட்ட கணத்திலேயே மெல்லிய ஆக்சைடு போர்த்திக்கொள்பவை. இரும்புக் கதவுக்கு அடிப்பதுபோல நேரே பெயின்ட் அடித்தால் பிடிப்பு கிடைக்காது. தேய்த்துச் சொரசொரப்பாக்குவது, எண்ணெய்ப் பிசுக்கை அறவே நீக்குவது, சரியான பிரைமர் (நிறத்துக்குக் கீழே பிடிப்புக்காக அடிக்கும் பூச்சு) அடிப்பது என்ற மூன்றும் நடந்திருந்தால் பெயின்ட் நிற்கும். ஸ்பிரே டப்பாவைக் குலுக்குவதற்கு முன்பே வெற்றி தோல்வி முடிவாகிவிடுகிறது.

மூடி பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இதுவும் பெயின்டா?

ரப்பர் போல மெத்தென்ற தொடுகைக்காக அடிக்கப்பட்ட பாலியூரித்தேன் பூச்சு அது. காற்றின் ஈரப்பதத்தால் அதன் மூலக்கூறுகள் உடைந்து பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் சும்மா கிடந்த கணினிகூட இப்படியாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு வைத்து, பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்தால் கறுப்புத் திரளாக வந்துவிடும். பொறுமையும் நிறையப் பழைய பனியன் துணியும் தேவை. இதற்குத் தின்னர் வேண்டாம்.

எவ்வளவு தூரம் கழற்ற வேண்டும்?

பெயின்ட் அடிக்கப்போகும் பாகம் தனி உலோகத் தகடாகக் கையில் வரும் வரை. முதலில் கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி அதை முதலில் மாற்றுங்கள்.

திருகுகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. 3 மில்லிமீட்டர் திருகு இருந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் திருகைப் போட்டு முடுக்கினால், புதுப் பெயின்டில் உள்ளிருந்து ஒரு பரு எழும்பும். மோசமானால் மதர்போர்டு போகும். ஓர் அட்டையில் கணினியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் செலோடேப்பால் ஒட்டி வைப்பேன். இரண்டு வாரம் கழித்துப் பூட்டும்போது அந்த அட்டைதான் காப்பாற்றும்.

திரை, கீல்கள், கேமரா, ஒயர்கள், ரப்பர் பாதங்கள் எல்லாம் வெளியே வர வேண்டும். அடிப்பக்க வரிசை எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்துவிட்டு மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். வாரண்டி இருக்கும் கணினியில் இதையெல்லாம் செய்யாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. மெலிவான மாடல்கள் பலவற்றில் திரை மூடியோடு பசையால் ஒட்டியே வருகிறது. அதைப் பிரிக்கப் போனால் பத்தில் ஒன்பது பேர் திரையை உடைப்பார்கள். அப்படிப்பட்ட மூடியில் ரிமூவர் பக்கமே போக வேண்டாம். திரைப் பக்கத்தை இரண்டு அடுக்காக மூடி, அலுமினியமென்றால் மட்டும் கையால் உலர்வாகத் தேய்த்து, மேலே அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை மணிக்கட்டு வைக்கும் மேல்தகட்டை முதல் முயற்சியில் தொடாதீர்கள் என்பதும் என் கருத்து. விசைப்பலகை அதில் ஆணியடித்ததுபோல் பதிந்திருக்கும். வியர்வையும் உராய்வும் அதிகம் படும் இடமும் அதுதான். மூடியிலும் அடித்தகட்டிலும் கை பழகட்டும்.

பெயின்ட் ரிமூவர் வாங்கலாமா?

ஹார்டுவேர் கடையில் ஜெல்லாகக் கிடைக்கும் ரிமூவர்களில் பலவற்றின் முக்கியப் பொருள் டைகுளோரோமீத்தேன். மெத்திலீன் குளோரைடு என்றும் எழுதியிருப்பார்கள். பெயின்டைச் சில நிமிடங்களில் சுருட்டிவிடும். ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்தால் உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் இதைப் பயன்படுத்தியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்கு இத்தகைய ரிமூவர்களை விற்கத் தடை விதித்திருக்கிறது. அமெரிக்காவில் 2019 முதல் வீட்டு உபயோகத்துக்கு விற்கக் கூடாது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைத் திறப்பது தற்கொலைக்கு ஒப்பானது. மூக்கைத் துணியால் கட்டினாலும், என்-95 முகக்கவசம் போட்டாலும் ஆவி நிற்காது, அவை தூசிக்கானவை.

அதனால் ரிமூவரைத் தவிர்த்து உப்புத்தாளையே நம்புங்கள். ஒரு மூடிக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மூடியின் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை இருந்தால் இது இன்னும் பொருந்தும். டைகுளோரோமீத்தேன் அதை உருக்கிவிடும், அசிட்டோனும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மெக்னீசியத்தின் அருகிலேயே கொண்டு வராதீர்கள்.

மெக்னீசியத்தைத் தேய்த்தால் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

தகடு சும்மா பற்றிக்கொள்ளாது. அதன் தூள்தான் ஆபத்து. மெல்லிய மெக்னீசியத் தூள் ஒரு பொறி பட்டாலே எரியும். எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுடும் மெக்னீசியம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை வெளிவிட்டு இன்னும் சீறும். உலர்ந்த மணலைக் கொட்டி மூச்சடைக்கச் செய்வதுதான் வழி.

ஆகவே மெக்னீசிய மூடியில் கிரைண்டர், டிரில்லில் மாட்டும் தேய்ப்பான், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. கையால் மட்டும், வாட்டர் பேப்பரை நனைத்துக்கொண்டு, திறந்த வெளியில் தேயுங்கள். ஈரமாகத் தேய்த்தால் தூள் பறக்காது. அந்தச் சகதியை மூடி போட்ட டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள். ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் சேரும். நீர் தாராளமாக ஊற்றி அலம்பிவிட வேண்டும். தேய்த்து முடித்ததும் தகட்டை உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டுமா?

மெக்னீசியத்தில் கட்டாயம் வேண்டாம். தொழிற்சாலையில் பெயின்டுக்குக் கீழே ஒரு வேதிக் காப்புப் படலம் உருவாக்கியிருப்பார்கள். அரிப்பிலிருந்து காப்பது அதுதான். வீட்டில் அதைத் திரும்ப உண்டாக்க முடியாது. பழைய பெயின்ட் இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் அதை விட்டுவைத்து, பெயர்ந்த ஓரங்களைச் சரிவாக இழைத்துவிடுங்கள். விரல் நுனியைக் குறுக்கே ஓட்டினால் படி தட்டக் கூடாது. வெள்ளைத் தூள் பூத்த இடம் மட்டும் விதிவிலக்கு. அதைச் சுத்தமான உலோகம் தெரியும் வரை எடுத்தே ஆக வேண்டும். மிச்சம் வைத்தால் ஆறு மாதத்தில் பெயின்டுக்கு அடியில் கொப்புளமாக எழும்.

நான் போகும் வரிசை: பெயர்ந்த பெயின்டுக்கு 240, பிறகு முழுப் பரப்புக்கும் 400, பிரைமர் காய்ந்த பின் 600. பள்ளங்களுக்குக் கார் பட்டறையில் கிடைக்கும் பட்டி போதும், மெல்லியதாக.

தேய்த்தாகிவிட்டது. அடுத்து?

கழுவுவது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் மூடி இங்கேதான் போனது.

அதைப் பாத்திரம் விளக்கும் திரவம் போட்டுக் கழுவி, காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வெளிச்சத்தில் பார்ப்பதற்காக வலது மூலையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினேன். பிரைமர் அடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. கருநீலம் அடித்தபோதும் தெரியவில்லை. மூன்றாம் வாரம், மாஸ்கிங் டேப்பை உரித்தபோது அந்த மூலையில் பெயின்ட் டேப்போடு சேர்ந்து வந்தது. வந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் என் கட்டைவிரல் ரேகை, அடையாளப் பதிவேட்டில் வைத்ததுபோல அத்தனை தெளிவாக இருந்தது. ஒரு விரலின் எண்ணெய்ப் பசை, அவ்வளவுதான்.

கடைசியாகத் துடைப்பதிலிருந்து பெயின்ட் காயும் வரை நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துடைக்கும் துணி நூல் உதிராததாக இருக்கட்டும். ஒருமுறை துடைத்த பக்கத்தைத் திரும்பப் பயன்படுத்தாமல் துணியை மடித்து மடித்துத் துடையுங்கள்.

எந்தப் பிரைமர்?

அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் பரப்பை நுண்ணியதாக அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஓர் இலேசான கோட் போதும். மெக்னீசியத்துக்கு அமிலம் கலந்த பிரைமர் வேண்டாம். எபாக்சி பிரைமரே நல்லது. இரும்புக்கான சிவப்பு ஆக்சைடு பிரைமர் இரண்டுக்கும் உதவாது. கார் பெயின்ட் கடையில் கேளுங்கள், வீட்டுப் பெயின்ட் கடையில் அல்ல.

பிரைமர், நிறம், கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு) மூன்றும் ஒரே வகையாக இருக்க வேண்டும். எனாமல் (மெல்ல இறுகும் பெயின்ட்) மீது லாக்கர் (கரைப்பான் ஆவியானதும் காயும் பெயின்ட்) அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி, கொதித்த பாலின் ஆடைபோல மடிந்துவிடும்.

டப்பாவை எப்படிப் பிடித்து அடிப்பது?

உள்ளே குண்டு உருளும் ஓசை கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவு. தகட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஒரே வேகத்தில் கையை ஓட்டி, மறுபுறம் தாண்டிய பிறகு விடுங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழுக் கையையும் நகர்த்துங்கள்.

முதல் கோட் தூவினாற்போல இருக்கட்டும். அடியிலுள்ளது தெரிந்தால் பரவாயில்லை. பத்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று அல்லது நான்கு மெல்லிய கோட்டில் மூடும். ஒரே கோட்டில் மூடிவிடலாம் என்ற ஆசை வழிசலில்தான் முடியும். வழிந்துவிட்டால் விரலால் தொடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, 600 வாட்டர் பேப்பரால் சமன்செய்து மறுபடி அடியுங்கள்.

எனாமல் டப்பாக்களில் ‘இத்தனை நேரத்துக்குள் அடுத்த கோட், அல்லது இத்தனை நேரம் கழித்து’ என்று எழுதியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் சுருக்கம் விழும். அந்த வரியைப் படிக்காமல் தொடங்க வேண்டாம்.

அருகில் அடுப்போ பூஜை விளக்கோ எரியக் கூடாது. ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து சென்று பற்றிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் அடிக்கலாமா?

என் இரண்டாவது தோல்வி இது. சென்னையில் நவம்பர் மாத மழை விட்ட ஓர் உச்சிப்பொழுது, வெயில் அடிக்கிறதே என்று கறுப்பு லாக்கர் அடித்தேன். கண்முன்னே கறுப்பின் மீது பால் தெளித்ததுபோல வெண்மை படர்ந்தது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. காற்று ஈரமாக இருந்தால் பனி மாதிரி நீர் அதன்மேல் இறங்கிப் பூச்சுக்குள் சிக்கிவிடுகிறது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் நாளில் லாக்கரைத் தொடாதீர்கள். அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரை நான் தேய்ப்பு வேலையோடு நிறுத்திவிடுகிறேன். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் காலை பத்து மணி அருமையான நேரம். கொளுத்தும் வெயிலும் ஆகாது. துளிகள் தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து பரப்பு சொரசொரக்கும்.

எங்கெல்லாம் பெயின்ட் படக் கூடாது?

வை-ஃபை ஆன்டெனா இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கவனியுங்கள். உலோகத்தின் வழியே அலை போகாது என்பதால்தான் அந்த இடத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். அதன்மேல் சாதாரண நிறம் அடிக்கலாம். உலோகத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்ட் வேண்டாம்.

அடுத்து உள்பக்கம். திருகு அமரும் வட்டங்களும், மெத்தையிட்ட வெள்ளி நிறப் பட்டைகள் தொடும் இடங்களும் வெற்று உலோகமாகவே இருக்க வேண்டும். மின் இரைச்சலையும் நிலைமின்சாரத்தையும் கணினியின் உடலுக்குக் கடத்தும் பாதை அது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. கீல் பொருந்தும் இடத்திலும் வேண்டாம். தடிமன் கூடி மூடி இறுகும். திருகுத் துளைகளில் பல்குத்தும் குச்சியை நறுக்கிச் செருகிவிடுவேன்.

பெயின்ட் அடித்தால் சூடு அதிகமாகுமா?

நாலைந்து கோட் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். வித்தியாசம் தெரியாது. காற்றுத் துளைகள் அடைபட்டால்தான் சூடாகும்.

கார்போல மின்ன 2கே கிளியர் கோட் அடிக்கலாமா?

வீட்டில் வேண்டாம். பூச்சையும் கெட்டியாக்கியையும் கலந்து அடிப்பது அது. அந்தக் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் ஆஸ்துமா வாழ்நாள் முழுவதும் தொடரலாம். சுத்தக் காற்று குழாயில் வரும் கவசம் போட்டுக்கொண்டு அடிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. கார் பெயின்ட் பட்டறையில் தகட்டைக் கொடுத்தால் கிளியர் மட்டும் அடித்துத் தருவார்கள். சாதாரண அக்ரிலிக் கிளியர் மூன்று கோட், காய்ந்தபின் 1500, 2000 வாட்டர் பேப்பரால் தேய்த்து ரப்பிங் காம்பவுண்டு போட்டால் கண்ணுக்கு அழகாகவே இருக்கும்.

பவுடர் கோட்டிங் கொடுத்துவிட்டால்?

பெயின்டைத் தூளாகத் தூவி, சுட்டு உருக்கி ஒட்டவைக்கும் முறை அது. உறுதியில் அதற்கு இணையில்லை. ஆனால் 180 முதல் 200 டிகிரி அடுப்பில் சுட வேண்டும். மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக், பசை, காந்தம் ஒன்று இருந்தாலும் போய்விடும். வார்ப்பு மெக்னீசியத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்று சூட்டில் வெளியேறிப் பூச்சில் ஓட்டை போடும். வெறும் அலுமினிய அடித்தகடு என்றால் அம்பத்தூர், கோவை பக்கப் பட்டறைகளில் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் தனித்தகட்டுக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள். அவர்களுடைய கறுப்பு லாட்டோடு உங்களுடையதும் போகும்.

எப்போது பூட்டலாம்?

தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும், அதை நம்பாதீர்கள். லாக்கருக்கு ஒரு வாரம், எனாமலுக்கு இரண்டு மூன்று வாரம். நகத்தை உள்பக்க ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. பெயின்ட் வாடை வீசினாலும் அப்படித்தான். அவசரப்பட்டுப் பூட்டிய கணினியைப் பைக்குள் வைத்தால் பையின் நெசவு மூடியில் அச்சாகிவிடும்.

மாஸ்கிங் டேப்பை மட்டும் இவ்வளவு நாள் விட்டுவைக்கக் கூடாது. கடைசிக் கோட் அடித்த இருபது நிமிடத்தில், தன்மேலேயே மடித்துச் சாய்வாக மெல்ல உரித்தால் விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல வரும்.

மிச்சமான தின்னர், துணி எல்லாவற்றையும் எங்கே போடுவது?

சாக்கடையில் ஊற்ற வேண்டாம். தின்னரைக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்தால் கசடு கீழே தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறை பிரஷ் கழுவப் பயன்படுத்தலாம். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் திணிக்காமல் திறந்தவெளியில் விரித்து உலரவிட்டுப் பிறகு போடுங்கள்.

அடித்து முடித்த மூடியை எதனால் துடைப்பது?

ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. சானிடைசரும் ஆல்கஹாலும் அக்ரிலிக் பெயின்டை மங்கச் செய்யும். அடித்த நிறத்தில் ஒரு பாட்டில் மூடியளவு எடுத்து நெயில்பாலிஷ் பாட்டிலில் அடைத்து, டப்பாவின் நிற எண்ணை அதன்மேல் எழுதி வையுங்கள். முதல் கீறல் விழுந்த அன்றே நுனிப் பிரஷால் தொட்டுவிட்டால் அரிப்பு உள்ளே நுழையாது.